ஊஞ்சவலசில் தங்கிப்போன சத்தம்

ஈரோட்டுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், பஸ் நின்றால் நின்றது, நிற்காவிட்டால் இல்லை என்கிற மாதிரியான ஓர் இடத்தில் ஊஞ்சவலசு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வந்த ஒரு சத்தம், அதை வாசித்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேனேறிப் போன பிறகும் தான் மட்டும் போகாமல் கோயில் திடலிலேயே தங்கிவிட்டது. சித்திரையில் வந்த சத்தம் ஆவணி வரைக்கும் அங்கே குடியிருந்தது, அந்த ஐந்து மாதத்தில் ஊரில் யார் யார் என்னென்ன ஆனார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குற்றத்தை யார் தலையில் கட்டுவது என்று கேட்டால் நோம்பிக் கமிட்டித் தலைவர் குழந்தைவேலுவின் தலையில்தான் கட்ட வேண்டும், அந்தத் தலையும் அதற்குத் தோதாகப் பெரியதுதான். ஊஞ்சவலசுக்கும் பக்கத்து ஊரான கருக்கம்பாளையத்துக்கும் வாய்க்கால் தகராறு கிடையாது, எல்லைத் தகராறு கிடையாது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். ஆனால் நோம்பி என்று வந்துவிட்டால் எந்த ஊர்ச் சத்தம் எந்த ஊருக்குள் போய் விழுகிறது என்கிற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதில்லை. போன வருடம் கருக்கம்பாளையத்தார் கட்டிய ஸ்பீக்கர்களால் ஊஞ்சவலசுக்காரர்கள் மூன்று நாள் சைகையில் பேசிக்கொண்டார்கள், ஒரு வளைகாப்பு முழுக்க ஊமை நாடகமாக நடந்து முடிந்தது. அந்த அவமானத்தை வருடம் பூராவும் நெஞ்சில் வைத்துப் புழுங்கிய குழந்தைவேலு, கச்சேரி பிடித்துக்கொடுக்கும் ஏஜென்ட் மகுடேஸ்வரனை ஈரோட்டில் போய்ப் பார்த்தார்.

"பாட்டு எப்பிடி இருந்தாலும் சரீங்க. பழைய பாட்டு, புதுப் பாட்டு, சாமி பாட்டு, அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டில்லைங்க. கருக்கம்பாளையத்துல ஒரு உசுரு மத்தியானம் கண்ணசரப் படாது. அவ்வளவுதானுங்க வேணும்."

முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் மகுடேஸ்வரனிடம் இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. அவர் சென்னையில் 'துருப்பெட்டி' என்ற பெயரில் இருந்த ஒரு குழுவுக்குப் போன் போட்டார். அந்தக் குழுவை அதுவரை எந்த ஊரிலும் யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

நோம்பியின் கடைசி நாளான மஞ்சள் நீராட்டு அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வேனிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். கிடாருக்குக் கண்ணாடி போட்ட, ஊதினால் பறந்துவிடும் போலிருந்த பெர்சிஸ் என்ற பெண், டிரம்ஸுக்கு ஒருவன், தடிமனான கம்பிகள் கட்டிய இன்னொரு கிடாருக்கு ஒருவன், நாலாவது ஆளிடம் வாத்தியம் என்று எதுவும் இல்லை, ஒரு தகரத் தகடும், பட்டறையில் இரும்பு அறுக்கிற கிரைண்டரும் வைத்திருந்தான். பாடுகிறவர் எங்கே என்று குழந்தைவேலு கேட்டதற்கு, அப்படி ஒருவர் கிடையாது என்றார்கள். பெர்சிஸ் சர்க்கரையில்லாத டீ ஒன்று வாங்கிக் குடித்தாள், கிடாரைச் சுருதி சேர்க்கப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருந்த சுருதியையும் கலைத்துவிட்டாள், கம்பிகளுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகினாள், பிறகு ஆரம்பித்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம் வாசித்தார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன, பதினைந்தாவது நிமிடத்தில் கருக்கம்பாளையத்துக் கமிட்டித் தலைவர் மொபெட்டில் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்காட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டுத் திரும்பிப் போனார். குழந்தைவேலுவின் கண்களில் தண்ணீர் வந்தது, அது ஆனந்தமா அதிர்வா என்று அவருக்கே தெரியவில்லை.

வாசித்து முடித்தார்கள், பிளக்குகளைப் பிடுங்கினார்கள், எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சத்தம் அங்கேயே நின்றது.

வயர்மேன் ஆறுச்சாமி முதலில் ஏதோ ஆம்ப்ளிஃபயர் அணையாமல் கிடக்கிறது என்றுதான் நினைத்தார், தேடினார், வயரும் இல்லை பெட்டியும் இல்லை. பிறகு ஒரு சட்டியில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதை முன்னால் நீட்டி நீட்டிப் பார்த்துச் சுற்றிலும் கோடு போட்டார். இருபத்திரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம், உயரம் வேப்பமரத்தின் முதல் கிளை வரைக்கும். கோட்டுக்கு வெளியே நின்றால் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். ஒரு கால் எடுத்து உள்ளே வைத்தால் துருப்பெட்டியின் ஒரு மணி பத்து நிமிடமும் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும், கடைசியிலிருந்து மறுபடி தொடக்கத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தைவேலு ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

"உங்க ஆளுங்க சத்தத்த உட்டுப்போட்டுப் போயிட்டாங்க. வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"எல்லாச் சாமானையும் எண்ணித்தானுங்க ஏத்துனதாச் சொன்னாங்க," என்றார் மகுடேஸ்வரன். "எதுக்கும் மழையில நனையாமப் பாத்துக்கங்க."

கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், இது நிரந்தரக் கட்டுமானமா தற்காலிகக் கொட்டகையா என்று தீர்மானிக்க முடியாமல், கோயில் புறம்போக்கு, மரம் ஒன்று, சத்தம் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். மழை பெய்தது, சத்தம் நனையவில்லை. பூசாரி சுண்ணாம்புக் கோட்டின் நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் கழற்றினார்கள்.

இத்தனை கூத்தையும் பார்க்க வராத ஒரே ஆள் அர்த்தநாரி. திடலுக்கு நாலு வீடு தள்ளி, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, அதற்கு மேல் தலையணையையும் கட்டிக்கொண்டு அவர் படுத்துக் கிடந்தார். ஆளுக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து, சத்தீஸ்கரிலிருந்து ராஜஸ்தான் வரைக்கும் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவர். துளைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது, காதால்தான் பார்க்க வேண்டும். இரும்பு பாறையில் இடிக்கிற இடியை வைத்தே இது கருங்கல், இது வெள்ளைக்கல், இன்னும் முப்பது அடியில் இடுக்கு இருக்கிறது, தண்ணீர் வரும் என்று அர்த்தநாரி சொல்லிவிடுவார், சொன்னால் வரும். அப்பேர்ப்பட்ட காது அவரைப் பழிவாங்கியது. வேலையை விட்டு வீட்டோடு வந்த அன்றிலிருந்து அவருடைய வலது காதுக்குள் ஒரு சீறல். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் சன்னமாக ஒன்று வருமே, அது. அது விசிலாகவும் ஆகாது, அடங்கவும் அடங்காது. ஒன்பது வருடமாக, நின்றாலும் நடந்தாலும், குளித்தாலும் கும்பிட்டாலும், அது ஒரு கணம் ஓய்ந்ததில்லை. நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், வெங்காயச் சாறு பிழிந்து பார்த்தார், காது டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். யாராவது அவரோடு பேச வேண்டுமென்றால் அந்தச் சீறலுக்கு மேலே ஏறி நின்றுதான் பேச வேண்டும், மனைவி பாவாயிக்கு ஏறி ஏறிச் சலித்துப்போய், புருஷன் பெண்சாதிக்குள் பேச்சு என்பது சோறு, தண்ணி, கரண்ட் போச்சு என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நாலாம் நாள் அவர் வீட்டு வெள்ளாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய்ச் சத்தத்துக்குள் நின்றுகொண்டது. பாவாயி சைகையில் ஆட்டைக் காட்டினாள், அர்த்தநாரி, இருக்கிற சீறலோடு இதுவும் சேர்ந்துகொள்ளும் என்ற பயத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பஞ்சை இன்னும் ஒரு விரற்கடை அழுத்திக்கொண்டு, கோட்டைத் தாண்டினார். பஞ்சு பயந்து வெளியே விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தகரம் கிழிந்தது, கிரைண்டர் அறுத்தது, டிரம்ஸ் மார்புக்கூட்டைத் தட்டியது, அவர் ஆட்டின் கொம்பைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார், ஏனென்றால் காதுக்குள் சீறல் நின்றுவிட்டிருந்தது. அது போய்விட்டதா ஒளிந்துகொண்டதா என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தன் தலைக்குள் தான் மட்டும் இருப்பதை உணர்ந்த அர்த்தநாரி, மண்ணில் உட்கார்ந்து, ஆட்டைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார், பக்கத்திலிருந்த ஆட்டுக்கே அது கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவரிடம் குழந்தைவேலு, உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா அமைதியா இருக்குதுங்க," என்றார் அர்த்தநாரி.

அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் நினைத்தது. ஆனால் அடுத்த வாரமே குழந்தைவேலுவின் மனைவி சாந்தாமணி, சத்தத்தைச் சுற்றிக் காட்டுவதற்காகப் புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போன இடத்தில், அவர் முகத்தைப் பார்த்து எதையோ நீளமாகச் சொன்னாள். ஒரு சொல்லும் காதில் விழாத குழந்தைவேலு, நோம்பியைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். வெளியே வந்த சாந்தாமணியின் முகத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த மாதிரி ஒரு தெளிவு இருந்தது, அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பது மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பதினோரு ஜோடிகள் வரிசையில் நின்றன. பிறகு மாமியார்களும் மருமகள்களும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள், பிறகு பங்காளிகள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஆசிரியர்களோடு வந்தார், ரேஷன் கடைக்காரர் தனியாக வந்து ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். உள்ளே போகிறவர்கள் எதிராளியின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும், வாயைப் பார்க்கக் கூடாது என்று கமிட்டி ஒரு விதி போட்டது, ஊஞ்சவலசின் சரித்திரத்தில் எல்லோரும் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான். காலை ஆறிலிருந்து எட்டு வரை தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள், பத்து மணிக்கு மேல் குடும்பங்கள், வெள்ளிக்கிழமை சம்பந்திகள் என்று முறை வந்தது. ஊரில் சண்டை குறைந்துபோய், பஞ்சாயத்துப் பேசுகிற நாலு பேர் வேலையில்லாமல் ஆடு மேய்க்கப் போனார்கள்.

அர்த்தநாரிக்கு மட்டும் முறை கிடையாது, முதலில் கண்டுபிடித்தவர் என்ற மரியாதையில் அவருக்குக் கோட்டுக்குள்ளேயே வேப்பமரத்தடியில் ஒரு கட்டில் நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். முதல் பத்து நாள் அவர் அதில் தூங்கியதோடு சரி, ஒன்பது வருடத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார். தூங்கி எழுந்த பிறகுதான் அவருக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இதற்கு முன்னால் அவர் பாட்டு என்று எதையும் உட்கார்ந்து கேட்டவரில்லை, பாட்டு அவருக்கு எப்போதும் வழவழவென்று, பிடிக்க இடமில்லாமல் நழுவிப் போகிற சமாச்சாரம். இது அப்படியில்லை, இதில் பாறை இருந்தது. அடியில் தடித்த கம்பிக்காரன் ஒரே இடத்தை விடாமல் இடித்துக்கொண்டிருந்தான், அதன் மேல் டிரம்ஸ் முன்னும் பின்னுமாகத் தள்ளாடியது, கிரைண்டர் பக்கவாட்டில் அறுத்தது, பெர்சிஸின் ஸ்க்ரூடிரைவர் இந்த மூன்றோடும் சேராமல் தன் பாட்டுக்கு ஒரு பிராண்டு பிராண்டியது. ஒவ்வொரு நாலாவது நிமிடத்திலும் எல்லாம் ஒன்றையொன்று விட்டு விலகி, இதோ விழுந்தது, போச்சு என்கிற இடத்துக்குப் போய், விழாமல், நாலும் ஒரே இடியில் வந்து சேரும். துளைபோடுகிற ராடு பாறையைத் தாண்டி இடுக்கில் சடாரென்று இறங்கி, புழுதி அடங்கி, குழியிலிருந்து முதல் ஈரம் மேலே வருகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதுதான் அது, அர்த்தநாரி இருபத்தாறு வருடம் எதற்காகக் காதைக் கொடுத்தாரோ அது.

"நாலு நிமிசம் பொறுக்கோணும் ஆறுச்சாமி," என்று அவர் டீக்கடையில் விளக்கினார். "மூணு நிமிசம் உங்களப் போட்டு அடிக்கும். எந்திரிச்சுப் போயிராதீங்க. அது உங்களப் பதம் பாக்குது. நாலாவதுல தொறக்கும்."

"எனக்கு அந்தத் தகரம் கிழியற எடந்தானுங்க உசுரு," என்றார் ஆறுச்சாமி.

"தகரமெல்லாம் மேல்மண்ணுங்க. கீழ கேளுங்க, கீழ."

இப்படியாக ஊரே காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தது. தகரக் கட்சி என்றும் கிரைண்டர் கட்சி என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. டவுன் பஸ்ஸில் சினிமாப் பாட்டுப் போட்டால் ஊஞ்சவலசுக்காரர்கள் முகத்தைச் சுளித்து, இதென்ன தம்பி, கடிக்க ஒண்ணுமே இல்லையே என்று கண்டக்டரைக் கேட்டார்கள். கருக்கம்பாளையத்தார் முதலில் ஜாடை மாடையாகவும் பிறகு வண்டி கட்டிக்கொண்டும் வந்தார்கள், அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஒதுக்கினார்கள். பாவாயியும் தினம் பதினோரு மணிக்குச் சோற்றுப் போசியோடு உள்ளே வருவாள், போசியைக் கட்டிலில் வைத்துவிட்டு அர்த்தநாரியின் எதிரே நின்று, அவர் கண்ணைப் பார்த்து, நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் பேசுவாள். அவர் நாலாவது நிமிடத்துக்காகக் காத்திருந்தபடி பொதுவாகச் சிரித்துவைப்பார். என்ன சொல்கிறாள் என்று அவர் யோசித்ததே இல்லை, ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் சொல்வதைத்தான் இவளும் சொல்வாள் என்று இருந்துவிட்டார்.

ஆடி பிறந்தபோது சத்தம் இளைக்க ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்ததும் அர்த்தநாரிதான், ஒரு நாள் இரண்டாவது நிமிடத்தில் வரவேண்டிய ஒரு கீச்சு வரவில்லை. அன்று சாயங்காலம் பாவாயி சேலையை உதறி மடிக்கும்போது அந்தக் கீச்சு முந்தானையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து, கீச்சிட்டுவிட்டு அணைந்தது. அப்புறம்தான் தெரிந்தது, உள்ளே போய் வருகிற ஒவ்வொருவரும் தலைமுடியிலும் துணிமடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் சத்தத்தை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாந்தாமணியின் பால் குண்டானில் ஒரு டிரம்ஸ் அடி கிடந்து பாலைத் திரியவைத்துவிட்டது. தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் கைக்குட்டையை எடுத்து உதறியதும் கிரைண்டர் ஓடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். 'உதறிவிட்டு வெளியே வரவும்' என்று கமிட்டி பலகை வைத்தது, எல்லோரும் கோட்டருகில் நின்று கோழி சிலிர்ப்பது மாதிரி சிலிர்த்துக்கொண்டார்கள், அப்படியும் இருபத்திரண்டு அடி பதினைந்தாகி, பதினைந்து பத்தாகி, ஆறுச்சாமி வாரம் ஒருமுறை பழைய கோட்டை அழித்து உள்ளே தள்ளிப் புதுக்கோடு போட்டார்.

கட்டிலின் ஒரு ஓரத்தில் படுத்தால் அர்த்தநாரிக்குச் சீறல் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மகுடேஸ்வரனிடம் நம்பர் வாங்கிச் சென்னைக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, ஊஞ்சவலசுல வாசிச்சீங்களே, அதே மாதிரி இன்னொருக்கா வந்து வாசிக்கோணும். அச்சு மாறாம."

"ஐயோ அங்கிள், அது முடியாதே," என்றாள் பெர்சிஸ். "அன்னிக்கு என்ன வாசிச்சோம்னே எங்களுக்கு ஞாபகம் இல்ல. அந்தந்த இடத்துல என்ன வருதோ அதான். சென்னைல ஒரு வாட்டி வாசிச்சதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸ கூப்ட்டாங்க. நீங்கதான் முழுசா கேட்டிருக்கீங்க."

"ஐநூறு தடவைக்கு மேல கேட்டேன் சாமி."

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. தேங்க்ஸ் அங்கிள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு அது நடந்தது. சத்தம் அப்போது எட்டடிக்கு ஆறடிதான் இருந்தது, இருந்தாலும் சம்பந்திகள் நாள் என்பதால் முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே நின்று, அவரவர் எதிராளியின் கண்ணைப் பார்த்து முழுமூச்சாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருடைய சேலை மடிப்பு கடைசித் துண்டை இழுத்துக்கொண்டதோ தெரியாது, ஒரு நொடியில் சத்தம் மொத்தமாக அற்றுப்போனது. முப்பது வாய்கள் அதைவிட இரண்டு நொடி தாமதமாக நின்றன.

அந்த இரண்டு நொடியில் ஊஞ்சவலசு கேட்டது இதுதான்: "தலையா அது, சுரைக்காயி", "உங்கம்மா ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம்", "நாந்தான் தேங்காயத் திருடுனேன், என்ன இப்ப", "மாப்பிள்ளையின்னு மூஞ்சியப் பாரு", "ஹெட்மாஸ்டராம் ஹெட்மாஸ்டரு", "உன்ற பலகாரத்தத் தின்னு ஒரு வாரம் படுத்துக் கெடந்தேன்". பிறகு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், அன்று தன்னை மறந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்த ஒருத்தியைத் தவிர. பாவாயியின் குரல் மட்டும் திடலில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"...ஒம்பது வருசமா ஒரு செவுத்துக்குச் சோறு போட்டுட்டு இருக்கறன் சாமி, அந்தச் செவுரு ஒரு நாளைக்காச்சும் கொழம்புல உப்பில்லைன்னு சொல்லியிருக்குதா, நாஞ் செத்தாக்கூட அடுத்த நாளுப் பதினோரு மணிக்குத்தான் அதுக்குத் தெரியும்..."

அவள் கண்ணைத் திறந்தாள். முப்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அர்த்தநாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி போசியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரோடும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, எல்லோரும் எல்லோரையும் திட்டியிருந்தார்கள், அதனால் யாருக்கும் கோபப்படுகிற உரிமை இல்லை; வெட்கம்தான். டீக்கடையில் விரலைக் காட்டி டீ வாங்கினார்கள், குழந்தைவேலு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடமாடினார், சம்பந்திகள் ஒருவருக்கொருவர் பலகாரம் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார்கள். காக்கைகள் திரும்பி வந்து, ஊரின் நிலைமையைப் பார்த்து அவையும் வாயை மூடிக்கொண்டன. அந்த அமைதியில் அர்த்தநாரியின் வலது காதுக்குள் இருந்த சீறல் முன்னைவிட இரண்டு மடங்காகக் கேட்டது. அவர் தினமும் திடலுக்குப் போய் முழங்காலில் உட்கார்ந்து, மண்ணை விரலால் கிளறிக் கிளறி, ஒரு கீறலாவது, ஒரு தட்டாவது விழுந்து கிடக்கிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் பாவாயி போட்ட சோற்றை வாங்கிச் சாப்பிட்டார், குழம்பில் உப்பு சரியாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கை கழுவினார். செவுரு என்று அவள் சொன்னது சீறலுக்கு அடியில் கிடந்து அவரை இடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் பாவாயி துவைக்கிற கல்லில், அன்றிலிருந்து தொடாமல் போட்டிருந்த அந்த வெள்ளிக்கிழமைச் சேலையை அடித்தபோது, கரை மடிப்பிலிருந்து ஒன்று விழுந்து கல்லில் துள்ளியது. புளியங்கொட்டை அளவுதான். பார்வைக்கு ஒன்றும் இல்லை, விரலால் தொட்டால் துடித்தது. காதருகே கொண்டுபோனாள், இடி, தள்ளாட்டம், அறுப்பு, பிராண்டல், எதுவும் குறையாமல் எல்லாம் அதற்குள் சுருண்டு கிடந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம் மனதிலிருந்ததைக் கொட்ட ஓர் இடம் இருந்தது அவளுக்கும்தான், இதைத் தன் காதுக்கே வைத்துக்கொள்ளலாமா என்றும் நினைத்தாள். பிறகு ஈரக்கையோடு உள்ளே போய், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"ஒரு காதுக்குத்தானுங்க ஆகும்," என்றாள். "வச்சுக்கங்க. வச்சுட்டுத் தூங்குங்க."

அர்த்தநாரி அதை வலது காதில் வைத்தார். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சீறல் நின்றது, தலைக்குள் இடம் உண்டானது, இமைகள் தாமாகக் கீழே வந்தன, கட்டிலுக்குப் போனால் நாளை மறுநாள் வரைக்கும் தூங்கலாம் என்று உடம்பு சொன்னது. பாவாயி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அர்த்தநாரி எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய், தன் இடது காது அவள் பக்கம் இருக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்குச் செவுருன்னு சொன்ன எடத்துல நின்னுபோச்சு," என்றார். "மேல சொல்லு."

பாவாயி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்பச் சொன்னாக் கேட்டுருமுங்களே."

"கேக்கட்டும்."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வந்துங்க, நீங்க என்னன்னாங்க, என்று ஆரம்பித்தாள். அர்த்தநாரி தலையை ஆட்டி மறுத்தார்.

"மருவாதி எல்லாம் வேண்டாம் பாவாயி. உள்ள எப்பிடித் திட்டுனயோ அப்பிடித் திட்டு."

பாவாயி மூச்சை இழுத்தாள். அட கெரகம் புடிச்ச மனுசா என்று தொடங்கி, கல்யாணமான பத்தாம் நாள் ரிக் வண்டியேறிப் போனதில் ஆரம்பித்து, பெரியவள் பிறந்ததற்கு ஏழு மாதம் கழித்து வந்து பேர் என்ன வைத்தாய் என்று கேட்டதற்குப் போய், சின்னவள் கல்யாணத்தில் கம்ப்ரெசர் ரிப்பேர் என்று தாலி கட்டி முடிந்த பிறகு வந்து நின்றதற்குத் தாவி, அங்கிருந்து ஒன்பது வருடத்துக்கு இறங்கினாள். அவள் குரல் ஓரிடத்தில் கரகரத்தது, ஓரிடத்தில் உடைந்தது, எந்தச் சுருதிக்கும் அடங்காமல் மேலே போய், அங்கேயே நின்று கிழித்தது. அர்த்தநாரியின் வலது காதில் நாலு பேரும் இடித்துக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருந்தார்கள், இடது காதில் பாவாயி. துருப்பெட்டியில் பாடுகிறவர் யாரும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் விழுந்தது, துடைத்துக்கொள்ளக்கூட மனமில்லாமல் நாற்காலியை இன்னும் ஒரு சாண் அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாத் திட்டு பாவாயி," என்றார்.